வலது மூளைக் குழந்தைக்குக் கணக்கு வராதா?

கேள்வி, ஜூன் 4 காலை

என் மகள் எட்டாம் வகுப்பு. படம் அருமையாக வரைவாள், நன்றாகக் கதை சொல்வாள். கணக்கில் மட்டும் திணறல். ஒரு பயிற்சி மையத்தில் ஏதோ சோதனை செய்துவிட்டு, "இவள் வலது மூளைக் குழந்தை, இடது மூளை பலவீனம், அதனால்தான் கணக்கு வரவில்லை" என்றார்கள். நடுமூளையைத் தூண்டும் பயிற்சி கொடுத்தால் இரண்டு பக்கமும் சமமாகிவிடுமாம். கண்ணைக் கட்டிக்கொண்டு அட்டையின் நிறம் சொல்லும் பிள்ளைகளையும் காட்டினார்கள். சேர்க்கலாமா? மூளையின் எந்தப் பகுதி படிப்புக்கு, எந்தப் பகுதி மற்ற வேலைகளுக்கு என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 4, இரவு

சேர்க்க வேண்டாம்.

காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன். வலது மூளை, இடது மூளை என்ற பேச்சு முழுப் பொய்யாக இருந்தால் இவ்வளவு காலம் நிலைத்திருக்காது. உள்ளே ஓர் உண்மை இருக்கிறது, அதை இழுத்து நீட்டி விற்கிறார்கள்.

1861இல் பால் ப்ரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். பிறர் பேசுவது அவருக்குப் புரியும். ஆனால் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வந்தது "டான்" என்ற ஒலிதான். இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது இடது நெற்றி மடலில் ஒரு பகுதி சிதைந்திருந்தது. 1874இல் ஜெர்மனியின் கார்ல் வெர்னிக்கே இதற்கு நேரெதிரான ஒன்றை விவரித்தார். அவருடைய நோயாளிகள் தடையில்லாமல் பேசினார்கள், பேச்சில் பொருள் இல்லை, அடுத்தவர் சொல்வதும் பிடிபடவில்லை. அங்கே சேதம் இடது பொட்டுப் பக்கத்தின் பின்பகுதியில். ஆக, மொழி பெரும்பாலும் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது உண்மை. வலக்கைக்காரர்களில் ஏறக்குறைய 95 சதவீதம் பேருக்கு அப்படி, இடக்கைக்காரர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்கு.

அப்புறம் ரோஜர் ஸ்பெர்ரி வருகிறார். கடும் வலிப்பு நோயை அடக்க, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் என்ற நரம்புக் கற்றையைச் சிலருக்கு அறுத்துவிட்டிருந்தார்கள். ஸ்பெர்ரி 1960களில் அவர்களை ஆராய்ந்தார். பார்வையின் இடப்பாதியில் மட்டும் ஒரு பொருளின் படத்தைக் கணநேரம் காட்டினால், "எதையும் பார்க்கவில்லை" என்று வாய் சொல்லும். இடது கையோ திரைக்குப் பின்னால் துழாவி அதே பொருளைச் சரியாக எடுத்துவிடும். இதற்காக 1981இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இந்தச் சோதனைகள் பத்திரிகைகளுக்குப் போனபோதுதான் "கலைஞனின் வலது மூளை, கணக்கனின் இடது மூளை" என்ற கதை பிறந்தது.

ஆனால் அவர்களுக்கு அந்தக் கற்றை அறுக்கப்பட்டிருந்தது. உங்கள் மகளுக்கு அது அப்படியே இருக்கிறது, சுமார் 20 கோடி இழைகளுடன், ஒவ்வொரு நொடியும் இரு பக்கமும் பேசிக்கொண்டு. 2013இல் யூட்டா பல்கலைக்கழகத்தார் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களை அலசினார்கள். சில வேலைகள் ஒரு பக்கம் சாய்வது தெரிந்தது. ஒரு மனிதரின் மூளையே மொத்தமாக வலம் ஓங்கியது, இடம் ஓங்கியது என்று பிரிக்க எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை.

கணக்குக்கு வருவோம். எது பெரிய எண், எது சிறியது, எவ்வளவு இடைவெளி என்ற உணர்வுக்கு முக்கியமான இடம், உச்சிக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் மடலில் ஒரு மடிப்பு. அது இரு பக்கமும் உண்டு, இரண்டும் வேலை செய்கின்றன. வாய்ப்பாட்டை நினைவிலிருந்து எடுக்கும்போது மொழி சார்ந்த இடப்பக்கப் பகுதிகள் சேர்ந்துகொள்கின்றன. நீண்ட கணக்கைப் படிப்படியாகப் போடும்போது நெற்றிப் பகுதி வருகிறது. படம் வரைவதற்கும் இதே மாதிரி ஒரு கூட்டம் கூட வேண்டும். "வலது மூளைக் குழந்தை" என்பதில் பொருள் எதுவும் இல்லை. பதின்மூன்று வயதுப் பெண் காதில் விழும்படி அதைச் சொன்னார்கள் என்பதுதான் எனக்குக் கோபம்.

ஜூன் 5, காலை

நடுமூளை பற்றித் தனியாக எழுதுகிறேன், நேற்று அதற்கு இடமில்லை.

நடுமூளை என்ற ஒன்று இருக்கிறது. மூளைத்தண்டின் மேல்பகுதி, சுமார் 2 செ.மீ. நீளம். கண்ணை அசைப்பது, வெளிச்சத்துக்குக் கண்மணியைச் சுருக்குவது, சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்புவது, விழித்திருப்பது, இவற்றில் எல்லாம் அதற்குப் பங்கு உண்டு. அதற்குள் கறுப்பாக ஒரு பட்டை இருக்கிறது, டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புச் செல்கள் அங்கே இருக்கின்றன. அவை அழிந்துபோகும்போது வருவதுதான் பார்க்கின்சன் நோய். இந்த 2 செ.மீ. தூங்கிக்கொண்டிருந்தால் குழந்தை நினைவிழந்து கிடக்கும், பயிற்சி மையத்துக்கு நடந்து வந்திருக்காது. பிறந்த நாளிலிருந்து ஓயாமல் வேலை செய்யும் ஒன்றைத் தூண்டுவதாகச் சொல்லிக் காசு வாங்குகிறார்கள்.

கண்கட்டு வித்தை: மூக்கின் இரு ஓரங்களிலும் துணி சரியாகப் படியாது. கீழ்நோக்கிப் பார்த்தால் மடியில் இருக்கும் அட்டை தெரியும். அந்தப் பிள்ளைகளை ஒருமுறை கவனித்துப் பாருங்கள், தலையைக் கொஞ்சம் மேலே தூக்கி, அட்டையை மூக்குக்குக் கீழே வைத்துக்கொள்வார்கள். அதே அட்டையை நெற்றிக்கு மேலே பிடித்தோ முதுகுக்குப் பின்னால் பிடித்தோ கேளுங்கள். நிறம் என்ற தகவல் விழித்திரையில் ஒளி விழுந்தால்தான் மூளைக்குள் நுழையும், வேறு வாசல் கிடையாது. இதில் பிள்ளைகளைக் குற்றம் சொல்ல மாட்டேன். எட்டிப் பார்த்தாவது சரியாகச் சொன்னால் பெரியவர்கள் கைதட்டுகிறார்கள், அவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

ஜூன் 5, மாலை

"நாம் 10 சதவீத மூளையைத்தான் பயன்படுத்துகிறோம்" என்று எழுதியவருக்கு: இல்லை. உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம், உடல் செலவழிக்கும் ஆற்றலில் 20 சதவீதம் அதற்கே போகிறது. சும்மா கிடக்கும் ஒன்றுக்கு உடல் இவ்வளவு தீனி போடாது. பக்கவாதத்தில் பட்டாணி அளவு இடம் செத்தாலே சிலருக்குக் கை விளங்காமல் போகிறது.

ஜூன் 7

"எந்தப் பகுதி படிப்புக்கு?" என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்ல முடியாததன் காரணத்தை ஒரு மனிதரின் கதை நன்றாகக் காட்டுகிறது.

ஹென்றி மொலைசன். அமெரிக்கர். உயிரோடு இருந்தவரை ஆய்வுகளில் எச்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்பட்டவர். சிறு வயதிலிருந்து வலிப்பு. 1953இல், 27 வயதில், வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் இரு பக்கப் பொட்டு மடல்களின் உட்பகுதியை அகற்றினார். அங்கே உள்ளடங்கி இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கும் அதோடு போயிற்று. வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் வாழ்க்கையில் நடந்த எதுவும் மனதில் தங்கவில்லை. பல பத்தாண்டுகள் தன்னைச் சோதித்த ஆய்வாளர் பிரெண்டா மில்னரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்ப்பவர் போலவே வரவேற்றார்.

மில்னர் ஒரு பயிற்சி கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, ஒரு நட்சத்திரத்தின் இரட்டைக் கோடுகளுக்கு நடுவே பென்சிலால் வரைய வேண்டும். செய்து பார்த்தால்தான் தெரியும், கை எதிர்ப்பக்கம் ஓடும். மொலைசன் முதல் நாள் தடுமாறினார். மூன்றாம் நாள் கை சரளமாகப் போயிற்று. ஆனால் இதை முன்பு செய்த நினைவே அவருக்கு இல்லை. கை கற்றுக்கொண்டது, அவருக்குத் தெரியாது.

அதாவது "இது என்ன, எப்போது நடந்தது" என்ற வகை நினைவுக்கு ஹிப்போகாம்பஸ் வேண்டும். "இதை எப்படிச் செய்வது" என்ற வகைக்கு அது இல்லாமலும் ஒரு பாதை இருக்கிறது, பெருமூளைக்குள் ஆழத்தில் இருக்கும் பேசல் காங்கிலியா, பின்னால் சிறுமூளை, புறணி என்னும் மூளையின் மேலுறையில் இயக்கத்துக்கான பகுதிகள் வழியாக. படிப்பில் இரண்டும் கலந்தே வருகின்றன. சூத்திரம் என்ன என்பது முதல் வகை. சமன்பாட்டைப் பார்த்ததும் எந்தப் பக்கம் எதை நகர்த்த வேண்டும் என்று கை தானாகப் போவது இரண்டாம் வகைக்கு நெருக்கமானது, அது போட்டுப் போட்டுத்தான் வரும். பல வருடங்களாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். "புரிகிறது, ஆனால் போட வரவில்லை" என்று சொல்லும் பிள்ளை பொய் சொல்வதில்லை. முதல் பாதையில் ஏறிவிட்டது, இரண்டாவதில் இன்னும் ஏறவில்லை. அந்தப் பிள்ளைக்கு மறுபடி விளக்கம் சொல்லிப் பயனில்லை, போடுவதற்கு நேரம்தான் கொடுக்க வேண்டும்.

மொலைசன் 2008இல் இறந்தார். அடுத்த ஆண்டு அவர் மூளையை 2,401 மெல்லிய சீவல்களாகச் சீவிப் பாதுகாத்தார்கள்.

ஜூன் 8

நேற்று எழுதியதை வைத்து ஒருவர் "அப்படியானால் ஹிப்போகாம்பஸ்தான் நினைவுப் பெட்டி" என்று சுருக்கியிருக்கிறார். அவ்வளவு எளிதில்லை. மொலைசனுக்குச் சிறுவயது ஞாபகங்கள் நிறைய இருந்தன. ஒரு எண்ணைச் சொன்னால் வாய்க்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டே கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருப்பார், கவனம் கலைந்ததும் போய்விடும். பழைய நினைவுகள் புறணி முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. புதியவற்றை அங்கே சேர்த்துக் கட்டும் வேலையில்தான் ஹிப்போகாம்பஸ் இன்றியமையாதது.

அந்தக் "கொஞ்ச நேரம் பிடித்து வைப்பது" இருக்கிறதே, அதுதான் கணக்கில் பாதிப் பேரை வீழ்த்துகிறது. செயல் நினைவு என்பார்கள். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸும் உச்சிப் பக்கப் பகுதிகளும் சேர்ந்து நடத்துவது. ஜார்ஜ் மில்லர் 1956இல் ஏழு, கூடக் குறைய இரண்டு என்று ஒரு கணக்குச் சொன்னார். 2001இல் நெல்சன் கோவன் மறுபடி அலசி, சேர்த்துக் கட்டும் உத்திகளை விலக்கினால் நான்குதான் என்றார். மிகச் சிறிய மேசை அது. ஏழெட்டு எவ்வளவு என்று யோசிக்கவே அதில் பாதி இடம் போய்விட்டால், கணக்கின் மீதிக்கு இடமில்லை. வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்வது பழைய முறை என்று கேலி செய்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். 56 என்று யோசிக்காமல் வந்தால்தான் மேசை காலியாக இருக்கும்.

ஜூன் 10

கேள்வி கேட்டவரின் புதிய தகவல்: வீட்டில் போடுகிறாள், தேர்வில் வெறுமையாகிவிடுகிறாள். முதலிலேயே சொல்லியிருந்தால் இங்கிருந்தே தொடங்கியிருப்பேன்.

2001இல் மார்க் ஆஷ்கிராஃப்டும் எலிசபெத் கிர்க்கும் காட்டியது: கணக்குப் பயம் அதிகமாக இருப்பவர்களுக்கு, எண்கள் வரும் வேலைகளில் செயல் நினைவின் கொள்ளளவு குறைகிறது. பயமே அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மன அழுத்தத்தில் நரம்புகளுக்கிடையே நோரெபிநெஃப்ரின், டோபமைன் என்ற வேதிப்பொருள்கள் அளவுக்கு மீறிச் சேரும்போது ப்ரீஃப்ரன்டல் பகுதி தளர்ந்துவிடுவதை ஏமி ஆர்ன்ஸ்டன் நீண்ட காலமாக ஆராய்ந்து காட்டியிருக்கிறார். ஆகவே தேர்வில் அவள் மறக்கவில்லை. நினைவு உள்ளேயே இருக்கிறது, எடுத்து வைத்துப் பார்க்க இடமில்லை.

பயம் என்றதும் அமிக்டலா பற்றிக் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். மூளைக்குள் பாதாம் பருப்பு அளவில் இரண்டு பகுதிகள், பக்கத்துக்கு ஒன்று. எஸ்.எம். என்று மட்டும் அறியப்படும் ஒரு பெண்ணுக்கு அபூர்வமான மரபுநோயால் இரண்டும் அழிந்துவிட்டன. பாம்பைக் கையில் எடுத்துப் பார்த்தார், திகில் காட்சிகள் அவரை ஒன்றும் செய்யவில்லை. பிறர் முகத்தில் பயத்தை அடையாளம் காணவும் சிரமப்பட்டார். சரி, அமிக்டலாதான் பயம் என்று முடித்துவிடலாம் போலிருக்கும். ஆனால் 2013இல் வந்த ஆய்வில், 35 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை அவர் ஒரு மூச்சு இழுத்ததும் பீதியில் துடித்துப்போனார். வெளியிலிருந்து வரும் ஆபத்தை எடைபோட அமிக்டலா வேண்டும். மூச்சு முட்டும் பயம் அது இல்லாமலே வந்துவிடுகிறது. ஒரு பகுதி, ஒரு குணம் என்று எழுதும் ஒவ்வொரு முறையும் இப்படி ஒரு நோயாளி வந்து அதை உடைத்துவிடுகிறார்.

தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தன் பயத்தைத் தாளில் எழுதினால் மதிப்பெண் கூடும் என்று 2011இல் ஓர் ஆய்வு வந்தது, பலரும் அதைப் பரிந்துரைக்கிறார்கள். 2018இல் பெரிய மறுசோதனை ஒன்றில் அந்தப் பலன் திரும்ப வரவில்லை. எழுதுவதால் கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். வீட்டிலேயே கடிகாரம் வைத்து, யாரும் மதிப்பெண் போடாத சிறு தேர்வுகளை அடிக்கடி எழுதட்டும். தேர்வு என்பது அவளுக்குச் சாதாரணமாக வேண்டும்.

ஜூன் 13

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டார்கள். அப்பாவால்தான்.

அப்பாவுக்கு மூளையின் வலப்பக்கத்தில் பக்கவாதம் வந்தது. பேச்சு தெளிவாக இருந்தது, எல்லோரையும் அடையாளம் தெரிந்தது. தப்பித்தோம் என்று நினைத்தோம். பிறகு கவனித்தால், தட்டில் வலப்பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு இன்னும் வேண்டும் என்பார். முகத்தில் வலப்பக்கம் மட்டும் சவரம் செய்திருப்பார். இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் பதில் இல்லை. கண்ணைப் பரிசோதித்தார்கள், பார்வையில் குறை இல்லை. சேர்த்திருந்த மருத்துவமனையில் யாரும் எங்களுக்கு இதை விளக்கவில்லை. பிடிவாதம் பிடிக்கிறார், வேண்டுமென்றே செய்கிறார் என்று வீட்டில் சண்டை வந்தது. அம்மா அழுதிருக்கிறார்.

பிறகு வந்த ஒரு பிசியோதெரபிஸ்ட்தான் தாளில் நீளமாக ஒரு கோடு போட்டு, "நடுவில் குறியுங்கள் ஐயா" என்றார். அப்பா வலப்பக்கம் வெகுதூரம் தள்ளிக் குறித்தார். குறித்துவிட்டு எங்களைப் பார்த்து, சரிதானே என்பது போலத் தலையாட்டினார். அவரைப் பொறுத்தவரை அதுதான் நடு.

இதற்கு ஒருபக்கப் புறக்கணிப்பு என்று பெயர். வலது உச்சி மடலைச் சுற்றிச் சேதம் ஏற்படும்போது அதிகம் வருவது. பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம் இது: வலது பாதி இரு பக்கத்தையும் கவனிக்கிறது, இடது பாதி முக்கியமாக வலப்பக்கத்தை மட்டும். ஆகவே இடது பாதி அடிபட்டால் வலது பாதி ஓரளவு ஈடுகட்டும். வலது பாதி அடிபட்டால் இடப்பக்க உலகத்தைக் கவனிக்க ஆளில்லை.

1978இல் எடோவார்டோ பிஸியாக்கும் கிளாவ்டியோ லுட்சாட்டியும் செய்ததைப் படித்தபோதுதான் அப்பாவைப் புரிந்துகொண்டேன். மிலான் நகரத்து நோயாளிகளிடம், "பேராலயச் சதுக்கத்தில் ஆலயத்தைப் பார்த்தபடி நிற்பதாக நினைத்துக்கொண்டு, சுற்றி இருப்பதைச் சொல்லுங்கள்" என்றார்கள். வலப்பக்கக் கட்டடங்களை மட்டும் சொன்னார்கள். பிறகு, "இப்போது ஆலயப் படியில் நின்று எதிர்த்திசையில் பாருங்கள்" என்றார்கள். முன்பு விட்டுவிட்ட கட்டடங்கள் வந்தன, முன்பு சொன்னவை காணாமல் போயின. எல்லாமே மனதுக்குள். சதுக்கம் முழுவதும் நினைவில் இருந்தது, ஒரு பக்கத்துக்குக் கவனம் போகவில்லை.

எங்கள் வீட்டில் இது யாருக்காவது முன்பே தெரிந்திருந்தால் அத்தனை சண்டை நடந்திருக்காது.

ஜூன் 14

அப்பா பற்றி விசாரித்தவர்களுக்கு: சில மாதங்களில் நிறையத் தேறினார், முழுவதும் போகவில்லை. படிக்கும் தாளின் இடது ஓரத்தில் அகலமாகச் சிவப்புப் பட்டை ஒட்டுவோம், அந்தப் பட்டை தெரியும்வரை கண்ணை நகர்த்திவிட்டுத்தான் வரியைத் தொடங்க வேண்டும். இன்னொரு முறை ப்ரிஸம் கண்ணாடி. காட்சியை வலப்பக்கம் தள்ளிக் காட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொருட்களைத் திரும்பத் திரும்பத் தொட வைப்பார்கள். மூளை ஈடுகட்டக் கற்றுக்கொள்ளும். கண்ணாடியைக் கழற்றியதும் கவனம் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்திருக்கும். 1998இல் ஈவ் ரோசெட்டி குழுவினர் வெளியிட்டது. எல்லோருக்கும் ஒரே அளவில் பலன் தருவதில்லை, உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஜூன் 17

"பதின்ம வயதில் முன்மூளை வளர்ந்திருக்காது, அதனால் அவர்களிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி. ப்ரீஃப்ரன்டல் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே போகிறது. ஆனால் அவசரமில்லாத நேரத்தில், அமைதியாக யோசிக்க விட்டால், பதினாறு வயதுக்காரர்கள் பெரியவர்களுக்கு இணையாகவே யோசிக்கிறார்கள். நண்பர்கள் சூழ, சூடான தருணத்தில்தான் வித்தியாசம் பெரிதாகிறது. ஆகவே படிப்பு அட்டவணையைச் சண்டை நடுவே பேசாதீர்கள். மறுநாள் காலை பேசுங்கள்.

இந்த இடத்தில் வழக்கம்போல் ஃபினியஸ் கேஜ் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். 1848, அமெரிக்காவின் வெர்மான்ட், ரயில் பாதை வேலை. ஒரு மீட்டருக்கும் அதிக நீளமும் சுமார் 6 கிலோ எடையும் கொண்ட இரும்புக் கம்பி வெடியில் கிளம்பி, கன்னத்தின் வழியாக ஏறி மண்டை உச்சி வழியாக வெளியே போனது. பிழைத்துக்கொண்டார், குணம் மாறிப்போனது. இதுவரை எல்லோரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது இது: கேஜ் பின்னாளில் சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார். பல குதிரைகளைக் கட்டி ஓட்டுவதற்கும் பயணிகளிடம் நடந்துகொள்வதற்கும் திட்டமும் நிதானமும் வேண்டும். 1860இல் இறப்பதற்குள் அவர் கணிசமாகத் தேறியிருந்தார் என்றே பலர் இப்போது கருதுகிறார்கள். நெற்றி மடல் போனால் மனிதன் போனான் என்று காட்ட அவரை இழுப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

ஜூன் 18

சிறுமூளையை ஒரு வரியில் தாண்டியிருந்தேன், அது போதாது.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள். அவற்றில் ஏறக்குறைய 6,900 கோடி சிறுமூளையில் இருக்கின்றன, எடையில் அது மொத்த மூளையில் பத்தில் ஒரு பங்குதான். சைக்கிள், தட்டச்சு, வாத்தியம், கையெழுத்து, எதுவானாலும் "நினைத்தது இது, நடந்தது இது" என்ற பிழையை அளந்து அடுத்த முறை திருத்துவது அதன் முக்கிய வேலை. 2014இல் சீனாவிலிருந்து 24 வயதுப் பெண் ஒருவரைப் பற்றிய அறிக்கை வந்தது, பிறவியிலிருந்தே அவருக்குச் சிறுமூளை இல்லை. ஏழு வயதில்தான் நடந்தார், ஆறு வயது வரை பேச்சு தெளியவில்லை, நடையில் தள்ளாட்டம் உண்டு. ஆனால் நடந்தார், பேசினார், திருமணம் செய்து ஒரு குழந்தையும் பெற்றார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. சிறு வயதிலிருந்தே இல்லாமல் போனால் மற்ற பகுதிகள் எவ்வளவு தூரம் ஏற்றுக்கொள்கின்றன!

ஜூன் 21

வளர்ந்த பிறகு மூளை மாறுமா என்ற கேள்விக்கு: லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள். உரிமம் பெற சுமார் 25,000 தெருக்களை மனதில் ஏற்ற வேண்டும். 2000இல் எலினோர் மக்வயர், அவர்களுடைய ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதைக் காட்டினார். பெரிதாக இருந்தவர்கள்தான் ஓட்டுநர் ஆனார்களோ என்ற நியாயமான சந்தேகம் வந்தது. அதற்காகப் பயிற்சி தொடங்கியவர்களைப் பின்தொடர்ந்தார்கள். 2011இல் முடிவு வந்தது: தொடக்கத்தில் வித்தியாசம் இல்லை, தேர்ச்சி பெற்றவர்களுக்கு மட்டும் அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. ஆனால் அவர்கள் வேறு வகைப் புதிய படங்களை நினைவில் வைக்கும் சோதனையில் சற்றுப் பின்தங்கினார்கள். இந்த இரண்டாம் பகுதியை யாரும் சொல்வதில்லை.

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: என்ன செய்வது என்று மட்டும் சொல்லுங்கள் என்கிறார். சொல்கிறேன்.

முதலில், 7 பெரிதா 9 பெரிதா, 3/4 பெரிதா 2/3 பெரிதா, 48க்கும் 52க்கும் நடுவே எது என்று சாதாரணமாகப் பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள். பின்னத்தில் தடுமாறினால் அது பாடத்தில் விட்டுப்போனது, பயிற்சியில் சரியாகும். ஒற்றை இலக்க எண்களை ஒப்பிடவே விரல் எண்ணுகிறாள் என்றால் டிஸ்கால்குலியா என்ற, எண்களைக் கையாள்வதில் வரும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். நூற்றில் 3 முதல் 7 பேருக்கு இருக்கிறது என்பார்கள். அதற்குத் தகுதி பெற்ற கல்வி உளவியலாளரின் மதிப்பீடு வேண்டும், பயிற்சி மையத்துச் சோதனை போதாது.

அடுத்து, திரும்பப் படிப்பதைக் குறைத்து, புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் செய்த சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, தம்மைத் தாமே சோதித்துக்கொண்டவர்கள் தெளிவாக முந்தினார்கள். பிள்ளைகள் திரும்பப் படிப்பதை விரும்புவது உடனே தெரிந்த மாதிரி இருப்பதால்தான்.

தூக்கம். பகலில் நடந்த பாதையை எலியின் ஹிப்போகாம்பஸ் தூக்கத்தில் மறுபடி ஓட்டிப் பார்ப்பதை வில்சனும் மெக்நாட்டனும் 1994இல் பதிவு செய்தார்கள். தேர்வுக்கு முந்தின இரவு கண்விழிப்பது அன்று படித்ததையே கெடுக்கும்.

ஜூன் 25

பேச்சு கணக்கிலிருந்து எங்கோ போய்விட்டது, ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் விட மனமில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு தன் அண்ணனால் எழுத முடிகிறது, தான் எழுதியதையே படிக்க முடியவில்லை, நடிக்கிறாரோ என்று வீட்டில் சந்தேகப்படுகிறார்கள் என ஒருவர் எழுதியிருக்கிறார்.

நடிக்கவில்லை. 1892இல் ஜூல் டெஜெரின் இதே நிலையில் இருந்த ஒரு நோயாளியை விவரித்திருக்கிறார். பேசுவார், எழுதுவார், படிக்க மட்டும் முடியாது. மூளையின் அடிப்பக்கம், இடது பின்பகுதியில், எழுத்து வடிவங்களை அடையாளம் காணப் பழகிய ஓர் இடம் இருக்கிறது. அந்த இடமோ, பார்வைத் தகவல் அங்கே போகும் வழியோ அடிபட்டால் இப்படி ஆகும். எழுதுவது கையின் பாதை, அது தப்பித்துவிட்டது. எழுத்து மனிதர்களுக்கு வந்து 5,000 ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அதற்கென்று மூளையில் பிறவியிலேயே ஓர் இடம் உருவாக அவகாசம் இருந்ததில்லை. பொருள்களின், முகங்களின் வடிவத்தை அறியும் பகுதியில் ஓர் ஓரத்தை ஒவ்வொரு குழந்தையும் படிக்கப் பழகும்போது எடுத்துக்கொள்கிறது என்று ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் விளக்குகிறார்.

உங்கள் அண்ணன் செய்து பார்க்க ஒன்று உண்டு. அச்சில் இருக்கும் எழுத்தின் மேல் அவரே விரலை ஓட்டட்டும், அல்லது நீங்கள் அவர் உள்ளங்கையில் அந்த எழுத்தை வரையுங்கள். கண்ணுக்குப் பிடிபடாத எழுத்தைக் கையின் அசைவு வழியாகச் சிலர் பிடித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு எழுத்தாகத்தான் போகும், மெதுவாகத்தான் போகும், நீண்ட சொற்களில் களைத்துவிடுவார். பேச்சு மொழிப் பயிற்சியாளர்கள் இதை முறையாகக் கற்றுத்தருகிறார்கள், பக்கவாதப் பிரிவிலேயே கேட்டால் அனுப்பி வைப்பார்கள். அதுவரை அவரிடம் தாளை நீட்டிப் படிக்கச் சொல்லிச் சோதிப்பதை வீட்டில் நிறுத்தச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்.